கடிக்காத ஏலக்காய்

காலை ஐந்தரை மணி. அழகுராஜா ஜீப்புக்குள் தலையை நீட்டிப் பார்க்கிறார். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. முகம் முகமாகப் பார்த்துவிட்டு அடுத்த ஜீப்புக்கு நகர்கிறார். "என்னப்பு, ஆளத் தேடுறியா, சோலி தேடுறியா? ஏறி வா, காய் எடுக்கப் பழக்கிவிடுறோம்" என்கிறாள் ஒருத்தி. ஜீப்பே சிரிக்கிறது. அவரும் சிரித்து வைக்கிறார். கையில் இருக்கும் டீ ஆடை கட்டி ஆறிக் கிடக்கிறது. பத்து நாளாகத் தினமும் இப்படித்தான் நிற்கிறார், கடைசி ஜீப்பு போடிமெட்டுப் பாதையில் திரும்பும்வரைக்கும்.

எங்கள் பக்கத்தில் பலகுரல் அழகுராஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. சிலமலைக்காரர். இருபது வருடம் திருவிழா மேடைகளில் நின்றவர். இரண்டு தடவை தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டியிலும் தலைகாட்டினார். நடிகர்கள் குரலை யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம். இவர் எங்கள் ஊரைப் பேசுவார். ஏலக்காய் ஏலத்தில் மூக்கால் விலை கேட்கும் வியாபாரி, கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத மாமா, கொண்டை ஊசி வளைவில் முனகிக்கொண்டு ஏறும் ஜீப்பு, எல்லாம் அந்த ஒரு தொண்டைக்குள் இருந்தன. கூட்டம் புரையேறிச் சிரிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, நாற்பது வயதில் மதுரைக்குப் பஸ் ஏறி மனநல ஆலோசனை படித்தார். இப்போது என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறார். "யாரு, காமெடி அழகுராஜாவா மனசுக்கு வைத்தியம் பாக்குறாரு?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மனசு சரியில்லை என்று மாடி ஏற எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதனால் கையில் ஒரு தாளோடு என் கடைக்கு வருவார்கள். ஜெராக்ஸ் எடுப்பார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். பொசுக்கென்று படியேறிவிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் ஆதார் அட்டையை வாரம் தவறாமல் நகல் எடுத்திருக்கிறார். வீட்டில் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். நான் எதுவும் கேட்பதில்லை. எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி சொல்வாள். அந்தப் படிக்கட்டு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேலே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு மண்பானை. அவராக வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. ஆள் வந்து உட்கார்ந்ததும் ஒரு ஏலக்காயை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். கடிக்க மாட்டார். எதிரில் இருப்பவர் பேசப் பேச அவருடைய தொண்டை தானாகவே அந்தக் குரலுக்குத் தயாராகிவிடுமாம். மாமியாரைப் பற்றி ஒருத்தி அழுதால் மாமியார் நாக்கு நுனிக்கு வந்துவிடுவாள். "அதுக்குத்தாண்ணே கடிவாளம். காய் வாயில கெடந்தா, நான் இப்ப மேடையில இல்லங்கிற ஞாபகம் இருக்கும்." ஆள் போனதும் காயை ஒரு சாசரில் போட்டுவிடுவார். சாயங்காலம் சாவி வாங்கப் போகும்போது பார்ப்பேன். நான்கு காய், ஐந்து காய், ஊறி உப்பிக் கிடக்கும். ஒன்றில்கூடப் பல் பட்டிருக்காது.

மேடையை ஏன் விட்டார் என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஈஸ்வர் என்று அவருக்கு ஒரு கூட்டாளி. பதினான்கு வருடம் இரண்டு பேரும் ஒரே மைக்கில் நின்றவர்கள். ஒரு மாசி மாதம் ஈஸ்வர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். இவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஊரையே பேசிக் காட்டினார். "சிரிச்சாண்ணே. நல்லாத்தான் சிரிச்சான். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சான். சரியாப் போச்சுன்னு வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன்." அந்த வாரத்திலேயே ஈஸ்வர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். "ஒனக்கு என்னடா பண்ணுதுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. நாம்பாட்டுக்குப் பேசிட்டு வந்தேன்." சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அதிலிருந்து அவருக்குப் பயம் விட்டதே இல்லை. மாடியிலிருந்து இறங்கியவர் தெருமுனை திரும்பும்வரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். போனை ஒரு நாளும் அணைத்து வைக்க மாட்டார். வர வேண்டியவர் பத்து நிமிடம் தாமதித்தால் என் கடைக்கு இறங்கி வந்து ஸ்டேப்ளரை எடுத்து வைத்து எடுத்து வைத்து என் உயிரை வாங்குவார். இதில் ஊர்க்காரர்கள் தொல்லை வேறு. "அண்ணே, வளைகாப்பு வச்சிருக்கோம். ஒரு அஞ்சு நிமிசம் பேசிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. மாடிக்கு வந்து அழத் தொடங்குகிறவர்களில் சிலர், இவர் முகத்தைப் பார்த்ததும் பழைய நினைப்பில் சிரித்துவிடுகிறார்களாம்.

தன் சொந்தக் குரல் எது என்று அவருக்கே சந்தேகம் இருந்த காலம் உண்டு. படிக்கும்போது கார்த்திகா மேடம் என்ற ஆசிரியர், "உங்க குரல்ல பேசுங்க" என்று சொல்ல, இவர் அரை நிமிடம் திருதிருவென்று விழித்திருக்கிறார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குரங்கணிக்குப் போய், காப்பித் தோட்டத்துப் பாதையில் தனியாக நடந்து பேசிப் பழகினார். "மரத்துக்கிட்டப் போயி யாரு மாதிரிண்ணே பேசுறது?" இப்போது மாடியில் கேட்பது அந்தக் குரல்தான். கொஞ்சம் கம்மல். அவசரம் இல்லை. கேட்பதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை.

ராக்கு வந்தது இந்த ஆடியில். அவரும் அவர் மகளும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ராசிங்காபுரத்துக்காரர். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. கணவர் சின்ராசு ஜீப்பு ஓட்டியவர். "ஏறுங்க ஆத்தா, வெரசா ஏறுங்க, மலை நம்மளத் தேடி வராது" என்று அவர் போடும் கூப்பாடு நிறுத்தம் முழுக்கக் கேட்கும். அழகுராஜா அதை ராசிங்காபுரம் திருவிழா மேடையில் பேசிக் காட்டியபோது, புருஷனும் பெண்டாட்டியும் முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைகாசியில் மலையிலிருந்து இறங்கும்போது சின்ராசுவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார். பெண்கள் எல்லோரையும் இறங்கச் சொன்னார். ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ராக்கு கடைக்கு வந்தபோது கையில் தாள் எதுவும் இல்லை. "அந்தக் கொரலு பேசுற தம்பி எங்கண்ணே?" என்று நேராகக் கேட்டார். மூன்று வாரம் வந்தார். மூன்று வாரமும் ஒரே வேண்டுதல்தான். "தம்பி, ஒரே ஒரு தடவ அவரு மாதிரிப் பேசு. சோறு எறங்க மாட்டேங்குது." மூன்று வாரமும் இவர் மறுத்தார். நான்காவது வாரம் நான் மிஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து சின்ராசு பேசினார். "ராக்கு, சாப்ட்டியா? சாப்புடு புள்ள. நான் எங்க போயிட்டேன்?" தாளெல்லாம் தரையில். அன்றைக்கு அழகுராஜா காயை வாயில் போடவே இல்லை. சாசர் காலியாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் ராக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். மகள் பவித்ரா போன் செய்து சந்தோஷத்தில் அழுதாள். அழகுராஜா முகத்தில் கைதட்டு வாங்கிய பழைய களை வந்தது. அது ஒரு வாரம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ராக்கு தலை நிறைய மல்லிகைப் பூவோடு வந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் படியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "மாமா, வந்துட்டேன்."

மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உள்ளே நடந்ததை ராக்குவே பின்னால் என்னிடம் சொன்னார். மறுபடி தோட்டத்து வேலைக்குப் போகலாமா, மகளுக்கு எந்த இடத்தில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று கேட்கப் போனாராம். "மாமா சொன்னாத்தான் ஜீப்பு ஏறுவேன்" என்றாராம். அதற்கு இவர், "அக்கா, நான் சின்ராசு இல்ல. அழகுராஜா. அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இனிமே பேச மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். ராக்கு எழுந்து இறங்கிப் போனார். படியெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது.

அன்றைக்கே அழகுராஜா கார்த்திகா மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அவ்வளவு திட்டு. மேடம் சொன்னபடி எல்லாம் செய்தார். அம்மாவைத் தனியாக விட வேண்டாம் என்று பவித்ராவிடம் சொன்னார். மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்தார். இனி ராக்குவோடு பேச வேறொரு பெண் ஆலோசகரையும் பிடித்துக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை, அதுதான் அவரைத் தின்றது. "ஈஸ்வரு சிரிச்சான், சரியாப் போச்சுன்னேன். இந்தக்கா சாப்புட்டுச்சு, சரியாப் போச்சுன்னேன். எனக்குப் புத்தியே வராதாண்ணே?" உள்ளங்கை வேர்வையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையிலிருந்து ஜீப்பு நிறுத்தத்தில் நிற்கத் தொடங்கினார். வேலைக்குக் கிளம்பிவிட்டால் ராக்கு பிழைத்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு. இப்படி நிற்பது மேடத்துக்குத் தெரியாது.

ஆறாம் நாள் பவித்ரா கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சார், அம்மா மாத்திரையப் போடுது, ஆனா ரெண்டு நாளாச் சோத்தத் தொடல. ஒரே ஒரு தடவ போன்ல அப்பா மாதிரிச் சாப்பிடச் சொல்லுங்க சார். ஒங்களுக்கு அது ஒரு வார்த்த. எனக்கு அம்மா சார்." அழகுராஜாவின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. சின்ராசு அங்கே வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. கடைசியில் அந்தக் கம்மல் குரலில்தான் பேசினார். "வேணாம்த்தா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. டாக்டருகிட்ட நான் சொல்லி வைக்கிறேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் செஞ்சது சரியாண்ணே?" உண்மையைச் சொன்னால், நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

ராக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். கஞ்சி குடிப்பதாகச் செய்தி வந்தது. பேச்சு மட்டும் இல்லை. பதினோராம் நாள், டீ குடிக்கும் சாக்கில் நானும் நிறுத்தத்துக்குக் கூடப் போனேன். தனியாக விட எனக்கும் மனசில்லை.

மூன்று ஜீப்புகள் போய்விட்டன. நான்காவது புறப்படும் நேரத்தில் மினிபஸ்ஸிலிருந்து ராக்கு இறங்கினார். தலையில் பூ இல்லை; துண்டு கட்டியிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அழகுராஜா சட்டைப் பையைத் துழாவி ஒரு காயை வாயில் போட்டுக்கொண்டார். ராக்கு ஜீப்பின் பின்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். சின்ராசு ஓட்டிய அதே ஜீப்பு. இப்போது வேறு டிரைவர். டிரைவர் ஆரன் அடித்தார். ராக்கு நகரவில்லை. திரும்பி அழகுராஜாவை நேராகப் பார்த்தார். "ஏறு புள்ள" என்று ஒரு வார்த்தை அந்தக் குரலில் வந்தால் போதும், ஏறிவிடுவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அழகுராஜாவின் தாடை மட்டும் அசைந்தது.

ராக்கு தூக்குவாளியை அவர் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இதச் சித்த பிடி. ஏறணும்."

அவர் பிடித்துக்கொண்டார். ராக்கு கம்பியைப் பற்றி ஏறினார். ஒரு தடவை கால் சறுக்கியது. மறுபடி ஏறி உட்கார்ந்தார். கையை நீட்டித் தூக்குவாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜீப்பு கிளம்பியது.

அது திருப்பத்தில் மறையும்வரை அழகுராஜா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து உள்ளங்கையில் துப்பினார். தோல் நார் நாராகக் கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கறுப்பு விதைகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை.