ஊதாப் புள்ளி

முப்பத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் சிஸ்டர் என்றுதான் பெயர். காய்கறிக்காரர் முதல் மாடிவீட்டு வாண்டுகள் வரை எல்லோருக்கும் சிஸ்டர். கணவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. மருத்துவமனைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நாளில் தம்பி வேனோடு வந்து வாசலில் நின்றான்.

"எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நீ தனியா எங்கயாவது போனா நாலு பேர் என்னைத்தான் கேப்பாங்க" என்றான்.

அவரைவிடப் பதினான்கு வயது சின்னவன். அம்மா நோயில் விழுந்த வருடங்களில் அவனைத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அவன் கூப்பிட்டு மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

சிஸ்டருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. மல்யுத்தம். மாலை ஏழு மணி ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பார்ப்பதோடு நிற்காது. "அவனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போச்சு, எவனும் கண்டுக்க மாட்டேங்கறானே! கையைத் தூக்காதடா, கட்டுப் போடணும்!" என்று வார்டில் நிற்பதுபோல அதட்டுவார். காது லேசாக மந்தமாகியிருந்ததால் சத்தமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் டிவி தானாக அணைந்தது. கரண்ட் போகவில்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "ரிமோட் மேல உக்காந்திருப்பே" என்றான். எழுந்து பார்த்தார். ரிமோட் மடியோரம்தான் கிடந்தது. சரி, கை பட்டிருக்கும்.

மறுநாள் ரிமோட்டை எதிரே இருந்த குட்டி மேஜையில் வைத்தார். சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. அடுத்த நாள் சேனல் மாறியது. அதற்கடுத்த நாள் மறுபடி அணைந்தது.

"நான் தொடவே இல்லடா."

"தொட்டிருப்பே அக்கா. அமுத்திட்டு மறந்திருப்பே."

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை சிஸ்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எது நடந்தாலும் அதற்கே சாட்சியாகிப் போனது. ஒரு நாள் பால் பொங்கி வழிந்தது. இன்னொரு நாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினார். யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸிங் பள்ளி முதல்வர் போன் செய்தார். ஒரு காலத்தில் சிஸ்டரிடம் வேலை பழகிய பெண். "பிள்ளைங்களுக்கு ஊசி போடவும் கட்டுப் போடவும் சொல்லித்தர உங்களைவிட்டா யாரு சிஸ்டர்? முதல் தேதியிலேர்ந்து வந்துடுங்க" என்றார். சிஸ்டரின் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு, ஒரு மில்லி என்பதை மறந்துபோய்ப் பத்து மில்லி என்று சொல்லிக்கொடுத்துவிட்டால்?

"என்னால முடியாதும்மா. இப்பல்லாம் ஞாபகம் சரியா இல்ல" என்றார். பக்கத்தில் தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தைத் திருப்பினான்.

டாக்டரிடம் போகலாம் என்று சொன்னதும் சிஸ்டர்தான். தம்பி அழைத்துப் போனான். டிவி, பால், கண்ணாடி என்று நடந்ததையெல்லாம் சிஸ்டரே சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். கடிகாரம் வரையச் சொன்னார். ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். எத்தனையோ நோயாளிகளுக்கு இதே சோதனை நடக்கும்போது உடன் நின்றவர், பதற்றத்தில் ஐந்தாவது வார்த்தையைத் தவறவிட்டார். உள்ளங்கை வியர்த்தது. தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "ஞாபக மறதி, ஆரம்ப நிலையாக இருக்கலாம்" என்று ஃபைலில் எழுதப்படுவதை அவர் தலைகீழாகவே படித்துவிட்டார்.

வீட்டில் ரொம்பக் கலங்கிப்போனது தம்பி மனைவிதான். எதற்கும் இருக்கட்டும் என்று டிவி மெக்கானிக்கை வரச்சொன்னாள். அவர் டிவியைப் பிரித்துப் பார்த்து, பழுது எதுவும் இல்லை என்றார்.

"ரிமோட்ல பட்டன் ஏதாவது சிக்கி, தானா அடிக்குதோ என்னவோ. அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா. செல்போன் கேமராவுல பாத்தா ஊதாவா மின்னும். அடுத்த தடவை அணையறப்ப ரிமோட் மூக்கைக் கேமராவுக்கு நேரா வெச்சுப் பாருங்க. யாரும் தொடாமயே மின்னுச்சுன்னா, ரிமோட்தான் திருடன்."

அன்று மாலை ஆட்டத்தின் பாதியில் சத்தம் இறங்கத் தொடங்கியது. சிஸ்டர் சட்டென்று எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். இடது கையில் ரிமோட், வலது கையில் போன். கேமராவில் ரிமோட்டின் மூக்கு இருட்டாகவே இருந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, சாப்பாட்டு மேஜை தெரிந்தது. தம்பி தெரிந்தான். தம்பி கையிலிருந்த போனின் மேல் விளிம்பில் ஓர் ஊதாப் புள்ளி படபடவென்று மின்னியது.

அவர் தோளோரம் டிவி அணைந்தது.

போனை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தார். ஒன்றும் இல்லை. தம்பி தலை குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை அமுத்து" என்றார்.

"என்ன அக்கா?"

"உன் போனை அமுத்துடா. டிவி வரட்டும்."

அவன் முகம் வெளுத்தது. அமுத்தினான். டிவி வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி முன்னால் எல்லாம் வெளியே வந்தது. ரிமோட் காணாமல் போன ஒரு நாளில் போனிலேயே ரிமோட் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். ஆபீஸிலிருந்து தலைவலியோடு வந்தால் இந்தச் சத்தம். "சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் அக்கா... நாலு நாள்ல விட்டுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ மறதி, அது இதுன்னு பேச ஆரம்பிச்சுட்டே. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"மறந்திருப்பேன்னு முதல்ல சொன்னது நீ."

"சத்தத்தைக் குறைங்கன்னு கேக்க வாய் இல்லையா உங்களுக்கு?" என்று மனைவி வெடித்தாள். "பால் பொங்கினதுக்கெல்லாம் நான் உங்க அக்காவைப் பாத்துப் பரிதாபப்பட்டுக்கிட்டுத் திரிஞ்சேனே!"

சிஸ்டர் கத்தவில்லை. டிவியை அணைத்ததை அவரால் சிரித்தே மறந்திருக்க முடியும். மறக்க முடியாதது வேறு.

"டாக்டர் ரூம்ல என் கையைப் பிடிச்சிட்டிருந்தியே. என் கை வேர்த்தது உனக்குத் தெரிஞ்சுது. அப்பக்கூட வாய் வரலையாடா?"

அழுதுகொண்டே காலில் விழப்போனான். அவர் நகர்ந்துகொண்டார். "அதெல்லாம் வேண்டாம். நாளைக்கு என்கூட வா. என்கிட்ட சொன்னதை அந்த டாக்டர்கிட்டயும் சொல்லு."

மறுநாள் அதே அறை, அதே நாற்காலிகள். தம்பி தரையைப் பார்த்தபடி தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். டாக்டர் ஃபைலைத் திறந்தார். பிறகு சிஸ்டரிடம், "மறுபடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாமா?" என்று கேட்டார். பண்ணினார்கள். இந்தத் தடவை ஐந்து வார்த்தையும் வந்தது. ஃபைலில் பழைய வரியை அடித்து, மேலே புதிதாக எழுதி, கையெழுத்தும் தேதியும் போடும் வரை சிஸ்டர் பேனா முனையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நர்ஸிங் பள்ளியில் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஓர் ஆசிரியை பிரசவ விடுப்பில் போக, வாரத்தில் மூன்று காலை வேளை வகுப்பு கிடைத்தது. பள்ளிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை வீடு ஒன்றும் கிடைத்தது. தம்பி மனைவி பாத்திரம் கட்டிக்கொடுத்தாள். தம்பி பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "எப்ப திரும்பி வருவே?" என்று கேட்டான். "நீ வா" என்றார் சிஸ்டர்.

வருகிறான், ஞாயிறுதோறும். அவர் சமைத்துப் போடுகிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை சாப்பிட்டாயா என்று அதட்டுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குறை ஒன்றும் தெரியாது.

போன ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஜன்னலோரம் நின்றவன், "மழை தூறுது அக்கா, துணி காயுதே" என்றான்.

"அப்படியா" என்றார். எழுந்து வந்து, அவனைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார். தூறல் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பிறகுதான் துணி எடுக்கப் போனார்.