சைவக் கோழிகள்

எங்கள் வீட்டுக் கோழிகள் ஒரு மார்கழியில் சைவத்துக்கு மாறின. எந்த ஆண்டு என்று நிறுவப் பல வழிகளில் முயன்றிருக்கிறேன். ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. சித்திக்குக் குழந்தை பிறந்தது அதற்கு முந்தைய ஐப்பசி மழையில். ஆகவே முப்பதுகளின் தொடக்கம் என்பது உறுதி. அதற்கு மேல் என் நினைவை நானே நம்புவதில்லை.

அப்பா ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில், வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே அம்மா கோழி வளர்த்தாள். அரிசியை வாரி இறைப்பவர்களை அவள் மதிக்கமாட்டாள். வெறும் அரிசி தின்ற கோழி கொழுக்குமே தவிர முட்டையிடாது என்பாள். அவளுடைய தீவனத்தில் தவிடுதான் அதிகம். அதோடு நொய்யும் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்த்து வெந்நீரில் பிசைவாள். சாக்கடையோரத்தில் முளைத்த கங்கோங் கீரையை நறுக்கிப் போடுவாள். முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் வைப்பாள். வேண்டியதைக் கோழி தானே பொறுக்கிக்கொள்ளுமாம். கடைசியில் ஒரு கை கூனிப்பொடி. காய்ந்த குட்டி இறாலை இடித்த பொடி அது. துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா ஞாயிறுதோறும் கிள்ளான் பக்கத்திலிருந்து வாங்கி வருவார். நாற்றம் தெருமுனை வரை போகும்.

“இந்த ஒரு கைதான் முட்டை. மத்ததெல்லாம் வயித்தை ரொப்புறது,” என்பாள் அம்மா.

எங்களோடேயே இருந்த சித்தி, பிரசவத்தில் ரத்தம் போய் மிகவும் வெளுத்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். பெரியாஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, தினமும் இரண்டு முட்டை, அதுவும் புது முட்டையாகக் கொடுக்கச் சொன்னார். பாசாரில் விற்றவை கப்பலில் வந்தவை. உடைத்தால் பாதி கூமுட்டை. எனவே எங்கள் கோழிகள் சித்திக்காகவே முட்டையிடத் தொடங்கின. காலையில் எடுத்துவந்து கொடுப்பது என் வேலை.

அப்பா அவளுக்கு மூத்தார். தம்பி மனைவியிடம் நேரே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வேலையிலிருந்து வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னிடம், “இன்னிக்கு எத்தனை?” என்று மட்டும் கேட்பார். அவருக்குக் கோழிக் கணக்கில் இத்தனை அக்கறையா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

சித்தி குணமாக வேண்டும் என்று அந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக அப்பா நேர்ந்துகொண்டார். ஒரு மண்டலம் விரதம். வெறுந்தரையில் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் மீன் வாடையே கூடாது. சித்தியின் முட்டை மருந்து என்பதால் அதற்கு விலக்கு உண்டு. கொல்லையில் தனி அடுப்பில் வெந்தது. ஆனால் கூனி மூட்டை அன்றே வெளியே போயிற்று.

“கோழிக்குமா விரதம்?” என்று அம்மா கேட்டாள்.

“இந்த வீட்டுச் சோறு தின்றது எல்லாத்துக்கும்தான்.”

“முருகன் கொடியிலயே சேவல் நிக்குது. அது என்ன, சாம்பாரா சாப்பிடுது?”

அப்பா திருநீறு பூசிக்கொண்டார்.

அம்மா கூனிக்குப் பதிலாகப் பயறு வேகவைத்துப் போட்டாள். புண்ணாக்கையும் கூட்டிப் பார்த்தாள். பொங்கல் வருவதற்குள் கோழிகளின் குணமே மாறிவிட்டது. ஒன்றின் இறகை இன்னொன்று பிடுங்கித் தின்றது. முதுகில் தோல் தெரிய ஓடின. நான்கு கிடைத்த நாள் போய் ஒன்று கிடைத்தாலே பெரிது என்றாயிற்று. ஒருநாள் கூண்டில் நான் கண்டது உடைந்த ஓடு மட்டுமே. இட்ட முட்டையை அவையே குடித்திருந்தன.

அன்று மாலை அப்பா வழக்கம்போல் கேட்டார். “ஒண்ணுமில்லப்பா. சித்தி கஞ்சி மட்டும் குடிச்சாங்க,” என்றேன். உள்ளே குழந்தை அழுதது. சித்தி அதைத் தூக்க எழுந்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தது கதவிடுக்கில் தெரிந்தது. அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

அவர் திரும்பி வந்தபோது கையில் காகிதப் பொட்டலம் இருந்தது. நேரே கொல்லைக்குப் போனார். விரத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரதத்துக்கென்று போட்டிருந்த கழுத்து மாலையைக் கழற்றி வேலிக் கம்பியில் மாட்டினார். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் பழைய நாற்றம் எழுந்தது. தவிட்டில் கூனியைக் கொட்டித் தன் கையாலேயே பிசைந்தார்.

அம்மா ஓடிவந்து, “குடுங்க, நான் செய்யுறேன். நீங்க ஏன் தொடுறீங்க?” என்றாள்.

“வேணாம். நானே செய்றேன். நீ தொடாதே.”

கோழிகள் அவர் கைமேலேயே விழுந்து தின்றன. கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. வேலியில் தொங்கிய மாலையை அவர் மறுபடி கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் கொடுத்து சாமி படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார். மறுநாளும், அதற்கடுத்த நாட்களிலும் அவரே தீவனம் பிசைந்தார்.

தைப்பூசத்தன்று சித்தப்பாவையும் அம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டு, அப்பா என்னை ரயிலில் பத்துமலைக்கு அழைத்துப்போனார். அப்பா காவடி எடுக்கப்போகிறார், முதுகில் கொக்கி, நாக்கில் வேல் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க நான் பெருமையடித்திருந்தேன். அவரோ சாதாரண வேட்டியில், படிக்கட்டின் அடியில், காவடிகளுக்கு வழிவிட்டு நின்றார். மேலே ஏறவே இல்லை. கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கூட்டத்தில் என் காதருகே வந்து, “உங்கப்பா பயந்துட்டாருலா!” என்றாள். திரும்பும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

வீட்டு வாசலில் சித்தி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பாவைக் கண்டதும் வழக்கப்படி உள்ளே விலகிப்போனாள். சுவரைப் பிடிக்கவில்லை. அப்பா அவள் போன திசையைப் பார்க்காமல் நேரே கொல்லைக்கு வந்து, வெறுமனே கேட்டார்: “இன்னிக்கு எத்தனை?”

கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, “மூணு,” என்றேன் வெடுக்கென்று.

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காவடி எடுக்காமல் தப்பித்துவிட்ட சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டேன்.