பெட்டி அவர்களுக்கு, பிளேட் எங்களுக்கு

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தபோது கிராமபோன் பெட்டி ஒரு பங்குக்கும், பாட்டு பிளேட்டுகள் இன்னொரு பங்குக்கும் போயின. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் பங்காளிகளோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்காதவர்கள் என்று நான் விட்டுவிடுவேன்.

நான் நாட்றாம்பாளையத்துக்காரி. அஞ்செட்டிக் காட்டை ஒட்டிய மலை ஊர். எங்கள் பக்கம் பாட்டு என்றால் பன்றி விரட்டப் பரண்மேல் உட்கார்ந்து போடுகிற கூச்சல்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே இருந்த இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த அன்று கூடத்தில் ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ மூக்கால் பாடினார். நான் ஒன்றும் பயந்துவிடவில்லை. பக்கத்து அறையில் யாருக்கோ சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் தம்பி இரண்டே பேர். என் வீட்டுக்காரர் இளையவர். மூத்தவருக்குத் தொரப்பள்ளியில் பெண் எடுத்திருந்தார்கள். அந்த ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கொஞ்சம் ராகிக் காடு, கொஞ்சம் மாந்தோப்பு. மாங்காய்க் காலத்தில் இரண்டு பேரும் லாரியில் பெங்களூர் போவார்கள். திரும்பும்போது மடியில் ஒரு பிளேட் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற மாதிரி, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வருவார்களாம். என்னை அழைத்து வந்தபோது அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நாதஸ்வரம். எங்கள் ஊர்ப் பேச்சில் நாயனம். அதிலும் தோடி ராகம் வாசித்த ஒரு பிளேட்டின் மேல் அவருக்கு உயிர். சிவப்புச் சீட்டு ஒட்டியது. அதைப் போடும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. மூத்தவருக்கு நாயனம் கல்யாண வீட்டில் இருந்தால் போதும். அவருக்கு நாடக செட்தான் வேண்டும். ஒரு நாடகம் ஆறு பிளேட்டில் வரும். ராஜா காட்டுக்குப் புறப்படவே இரண்டு பிளேட் ஆகும். மந்திரி அழுது முடிக்க ஒரு பிளேட். நாலாவது பிளேட் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே உடைந்துபோனது. அதனால் காட்டுக்குப் போன ராஜா எப்படித் திரும்பினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூத்தவர் அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

கன்னடத்தில் ஒரு அம்மாள் பாடின சாமி பாட்டும் இருந்தது. புதுப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி குரல். தெலுங்குப் பத்யம் பாடுகிறவர் ஒருவர் இருந்தார். கடைசி அடியை அவர் இழுக்க ஆரம்பித்தால் மூச்சு முதலில் தீருமா, பெட்டியின் சாவி முதலில் தீருமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஓசூரிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு கிறிஸ்தவ வாத்தியார் ஆர்மோனியத்தோடு பாடின கீர்த்தனை பிளேட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அதையும் போடுவோம். எந்தச் சாமியும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது சிரிப்பு பிளேட். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சேலைக்காகச் சண்டை போடுவார்கள். முடிவில் பெண்டாட்டி ஜெயிப்பாள். "அதனாலதான் உனக்கு அது புடிக்குது" என்பார் என் வீட்டுக்காரர். வேறு எதனால் பிடிக்கும்?

பிரிவினை எதனால் வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு கடப்பாரை காணாமல் போனதில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். கடப்பாரை மறு வாரமே வைக்கோல் போருக்குள் கிடைத்தது. அதற்குள் பேச வேண்டாததையெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மூத்தவர் பங்கைப் பிரித்து வைக்க வேண்டும். இளையவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுக்க வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நிலத்துக்கும் மாட்டுக்கும் அது சரியாகவே வந்தது. ஊர்ப் பெரியவர்கள் தெலுங்கில் ஒருவரும் கன்னடத்தில் ஒருவரும் தமிழில் ஒருவருமாக நியாயம் பேசி, மூன்று பாஷையிலும் வெற்றிலை கேட்டார்கள். கடைசியில் கூடத்துச் சாமான்கள். மூத்தவர் பாட்டுப் பெட்டியைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். பிளேட் அத்தனையையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"எட்றா" என்றார்.

பிளேட் இல்லாமல் பெட்டியை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்வார், தானாக வருவார் என்று நினைத்து என் வீட்டுக்காரர் பிளேட்டை எடுத்தார். பெட்டி இல்லாமல் பிளேட்டை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வான், தானாக வருவான் என்று நினைத்து மூத்தவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே மாதிரிதான் யோசித்தார்கள். ஊசி டப்பி பிளேட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்ததால் அதுவும் எங்களோடு வந்தது. முற்றத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர் எழுந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் அக்காவும் நானும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். எங்களைப் பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தண்ணீரை அவர்களே சேந்தியிருக்க வேண்டும்.

சாயங்காலமானால் மூத்தவர் அந்தப் பக்கம் பெட்டிக்குச் சாவி கொடுப்பார். கர்ர் கர்ர் என்று கேட்கும். பிறகு வெறும் தட்டு சுற்றுகிற சத்தம். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிளேட்டை ஒவ்வொன்றாக எடுத்து வேட்டி முனையால் துடைப்பார். வெளிச்சத்தில் சாய்த்துக் கோடுகளைப் பார்ப்பார். பிறகு அந்தத் தோடியை வாயால் வாசிப்பார். தவிலும் அவரே.

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்தேன். வாய்த் தவிலை அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

கிணற்றடியில் அக்காவிடம் சொன்னேன். "முறத்துல ராகி மாவு கொண்டாறேன். மாவுக்கு அடியில பாத்துக்க."

"எங்க வீட்டு மாமன் கேட்டா இன்னா சொல்றது?"

"கேக்க மாட்டாரு. கேட்டா பேசணுமே."

என்னை யாரும் தேர்ந்தெடுக்கச் சொல்லாததால் நானே தேர்ந்தெடுத்தேன். சிரிப்பு பிளேட்தான் முதலில் சுவர் தாண்டியது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் களியை உருட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் சேலைக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். உருட்டின கை அப்படியே நின்றது. எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பார்த்தார். மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

மறுநாள் காலையில் அந்தத் தோடி பிளேட் டிரங்குப் பெட்டிக்கு உள்ளே இல்லை. மேலே இருந்தது. துடைத்து, உறை போட்டு, தானாகவே ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் முறத்தை எடுத்தேன்.

அப்புறம் அதுவே நடைமுறையாகிவிட்டது. காலையில் டிரங்குப் பெட்டியின் மேல் என்ன இருக்கிறதோ அது மாவுக்கடியில் போகும், சாயங்காலம் பாடும், மறுநாள் உமியோடு திரும்பி வரும். மூத்தவருக்குப் பிடித்தது ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வரும். பிடிக்காவிட்டால் அவர் பின்பக்கத்தைப் போடுவார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அடுத்த நாள் வேண்டுமென்றே அதே பிளேட்டை எடுத்து வைப்பார். ராஜாவின் நாடகத்தை ஒரு நாளைக்கு ஒரு பிளேட்டாக அனுப்பினோம். மூன்று முடிந்து ஐந்து வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய செருமல் கேட்டது. அது சந்தோஷம் என்று அக்கா மறுநாள் சொன்னாள். ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை சண்டையும் இத்தனை சமாதானமும் முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வெயில் காலத்தில் வந்தது வினை. தோடி பிளேட் கடைசி வரைக்கும் முன்போல் கேட்கவில்லை. தொடக்கம் நன்றாக இருக்கும். முடியப்போகும் நேரத்தில் நாயனம் கம்மிப்போய், கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் ஆகி, கடைசியில் ஒரு கரகரப்பு. மற்ற பிளேட்டுகளும் அப்படித்தான். ஒரு பிளேட்டுக்கு ஒரு ஊசி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேய்ந்த ஊசியைப் போட்டால் கோடு கிழிந்து பிளேட் வெளுத்துப்போகும். அப்புறம் அது இட்லித் தட்டுக்குக்கூட உதவாது.

"ஒரே ஊசிய போட்டு ஓட்டிகினு இருக்காரு" என்றார் என் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்தபடி. பிரிவினைக்குப் பிறகு அண்ணனைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஊசி நம்மகிட்டதான் கெடக்குது. அனுப்பட்டுமா?"

"யாரு வீட்ல இன்னா நடக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஊசி டப்பியை டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாவுக்கடியில் ஊசியும் போனது. சாயங்காலம் அதே கரகரப்பு. மறுநாள் முறத்தில் பிளேட்டோடு டப்பியும் திரும்பி வந்தது. திறந்தே பார்க்கவில்லை போலிருந்தது. அக்காவைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கதவ சாத்திகினுதான் பெட்டிகிட்ட ஒக்கார்றாரு. கைய வெச்சா கத்தறாரு" என்றாள்.

டப்பியைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரின் முகம் கறுத்தது. "நம்ம ஊசி கூட ஆகாதாமா? பிளேட்டு மட்டும் ஆகுமா?" என்றார். மறுநாள் காலை டிரங்குப் பெட்டியின் மேல் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாயங்காலத்தில் அந்தப் பக்கம் வெறும் தட்டு சுற்றியது. இந்தப் பக்கம் இவர் சிவப்புச் சீட்டு பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கிழிந்த கோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை என்பதும் அவருக்குக் கோபமாகத்தான் வந்தது. வாயால் வாசிக்கவும் இல்லை. வாய்த் தவில் இல்லாத வீடு இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இனி இரண்டு பேரும் செத்தால்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அமாவாசை கழிந்த மறுநாள் தோடி பிளேட் மறுபடியும் டிரங்குப் பெட்டியின் மேல் இருந்தது. எதற்காக வைத்தார் என்று கேட்கவில்லை. ஆசையைத் தாங்க முடியாமல் வைத்தாரோ, கடைசியாக ஒரு முறை என்று வைத்தாரோ. நான் மாவைச் சலித்தேன்.

சாயங்காலம் நாயனம் புறப்பட்டது. அவர் முற்றத்தில் நின்றுகொண்டே கேட்டார். நடுவில் ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் சத்தம் கம்மியது. கரகரப்பு தொடங்கியது. அவர் கை முஷ்டியானது. சுவரோரம் கிடந்த உரலின் மேல் ஏறினார். அதில் நான் பயறு ஊறப்போட்டிருந்தேன். ஒரு கால் உரலின் விளிம்பிலும் ஒரு கால் பயறிலும் இருக்க, சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினார்:

"அண்ணா! ஊசிய மாத்துண்ணா! பிளேட்டு போச்சுண்ணா!"

நாயனம் நின்றது. நான் பக்கத்தில் கிடந்த அம்மிமேல் ஏறி எட்டிப் பார்த்தேன். புழுக்கம் தாங்காமலோ என்னவோ, அன்று மட்டும் கதவு திறந்திருந்தது. மூத்தவர் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணி, துணியில் வேலாமுள். வெள்ளை வெளேரென்று, ஒரே அளவாக நறுக்கின முள். கையில் பேனாக்கத்தி. சீவிக்கொண்டிருந்த முள்ளோடு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடா ஊசி? முள்ளுதான் போட்டுகினு இருக்கேன்."

"ஊசி அனுப்புனோமே."

"இரும்பு ஊசி ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் அறுக்குதுடா. பெங்களூர்ல மண்டிக்காரர் வீட்ல பாத்தேன். நல்ல பிளேட்டுக்கு முள்ளுதான் போடறாங்க. இப்ப எளசு முள்ளுதான் கெடைக்குது, கடைசில மொன மழுங்கிடுது, அதான் அந்தச் சத்தம். பிளேட்டுக்கு ஒண்ணும் ஆவல." முள்ளின் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். "என் பிளேட்டா இருந்தா ஊசியே போட்டிருப்பேன். உன்னுதாச்சே."

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொத நாளு சிரிப்பு பிளேட்டுக்கு மட்டும் பெட்டி தலையில இருந்த பழைய ஊசியவே போட்டுட்டேன்" என்றார் மூத்தவர். "அது போனா போவட்டும்னு."

அது என் பிளேட் என்பது அங்கே யாருக்கும் நினைவில்லை. அதைச் சொல்லும் நேரமும் அதுவல்ல.

மூத்தவர் சீவின முள்ளைப் பெட்டியின் தலையில் மாட்டினார். சாவி கொடுத்தார். பிளேட்டைத் தூக்கி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"திருப்பிப் போடவாடா?"

"போடுண்ணா" என்றார் இவர். அழுதுகொண்டுதான் சொன்னார்.

மறுபக்கமும் முடிகிற வரைக்கும் பயறிலிருந்து காலை எடுக்கவில்லை.