விளக்குக்கு முதுகு கொடுத்தவர்

எங்கள் பக்கத்து வீட்டுக் கோபிசங்கர் அண்ணை என்ன வேலை செய்கிறார் என்று சண்டிலிப்பாயில் யாரிடம் கேட்டாலும் கொம்பியூட்டர் வேலை என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். சொன்ன கையோடு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டியதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார், அடுத்த கேள்வி வந்துவிடக்கூடாது என்று.

உண்மையில் அவர் பிறந்தநாள் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் போடுகிறவர். ரீவியில் மாட்டுகிற ஒரு பழைய வெள்ளைப் பெட்டியும் நாலு ரிமோட்டும்தான் மூலதனம். மற்றதெல்லாம் அந்த ரிமோட்டுக்குப் போடுகிற வேஷங்கள். பிளாஸ்ரிக் வளையத்துக்குள் செருகினால் அது கார் ஸ்ரியறிங். மட்டைக்குள் செருகினால் ரெனிஸ். இவற்றோடு, ஏறி நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று அறிகிற ஒரு பலகையும், கால் வைத்து ஆடுகிற ஒரு பாயும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இரண்டு றெஜிபோம் நுரைப் பெட்டிகளில் அடுக்கி, கயிறு போட்டு, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்.

ரிமோட்டில் இருக்கிற வாரைப் பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டி இறுக்காமல் ஒரு விளையாட்டையும் தொடங்கமாட்டார். நெல்லியடியில் ஒரு வீட்டில் ரிமோட் கையை விட்டுப் பறந்து ரீவியின் ஒரு மூலை கறுத்துப்போன பிறகு வந்த பழக்கம் அது. ஆனால் வாரை மாட்டினாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லேசில் விளையாட வராதுகள், சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுகளை இழுப்பதற்கு அவர் முதலில் செய்து காட்டவேண்டும். கைகளைக் கோழி மாதிரி அடித்தால் திரையில் கோழி பறக்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. நாற்பது தாண்டிய, நெற்றி ஏறிய ஓர் ஆள், பெரியவர்கள் கதிரைகளில் இருந்து பார்க்க, சபை நடுவில் நின்று கோழி மாதிரிக் கை அடிப்பார். விளையாட்டு முடிந்ததும் செருப்புகள் கழற்றிய வாசல் பக்கமாய்ப் போய் நிற்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்பார். அவர் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் சாப்பிட்டதில்லை என்று அவருடைய மனைவி சிவகௌரி அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றி யாராவது எழுதினால், கட்டாரில் வேலை போய் வந்தவர் நன்றாகப் பிழைத்துக்கொண்டார் என்று எழுதக்கூடும். அது பொய்யில்லை. ஆனால் அதில் அவர் இல்லை.

அந்த வெள்ளைப் பெட்டி தொழிலுக்காக வாங்கியது அல்ல. தோஹாவில் ஒரு ஹொட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தபோது, ஊர் திரும்பிய ஒரு பிலிப்பீன்காரரிடம் மகள் நிவேதனாவுக்காக வாங்கியது. லீவில் வந்து நின்றபோது தகப்பனும் மகளும் இருந்து அதற்குள் இரண்டு முகங்களைச் செய்தார்கள். விளையாடுகிறவர் தன்னைப்போல ஒரு பொம்மையைச் செய்து வைக்க அதில் வசதி இருக்கிறது. நிவேதனாவின் பொம்மைக்கு இரட்டைப் பின்னல், வட்டக் கண்ணாடி. அவருடைய பொம்மைக்கு மீசை. "தலைமயிர் வேண்டாம், உள்ளதைப்போல இருக்கட்டும்" என்று அவள்தான் மொட்டையாக்கினாள். ஒன்றுக்கு நிவே, மற்றதுக்கு அப்பா என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தார்கள். வேலை போய் அவர் வந்துவிட்ட பிறகு, சொந்தக்காரர் ஒருவரின் பிறந்தநாளுக்குப் பெட்டியைக் கொண்டுபோனார். போகும்போது கையில் காசு வைத்த ஒரு கவரைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றார். பிறகு வாங்கினார். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது நிவேதனா எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணம் ரவுண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன ஆவணியில் கோப்பாயிலிருந்து ஒரு பிறந்தநாள் ஓடர் வந்தது. விலாசத்தைப் பார்த்த பிறகுதான் அது அவளுடைய வகுப்புத் தோழி சஞ்ஜிகாவின் வீடு என்று தெரிந்தது. நிவேதனாவுக்கும் அழைப்பு இருந்தது.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா நின்ற காலம். எங்கள் கிணற்றடிக்கும் அவர்களுடைய குசினிக்கும் இடையில் ஒரு வேலிதான். கதைத்தது எல்லாம் கேட்டது.

"வேற ஆளை அனுப்பேலாதோ அப்பா?"

"வேற ஆர் பிள்ளை இருக்கினம்?"

பிறகு அவள், "அப்ப அங்கை என்னைத் தெரியாத மாதிரி நில்லுங்கோ" என்றாள்.

"பெத்த தேப்பனைப் பாத்து என்னடி கதைக்கிறாய்?" என்று சிவகௌரி அக்கா அகப்பையோடு வந்திருக்கவேண்டும். அகப்பை சட்டியில் பட்ட சத்தம் கேட்டது.

"விடும். அவள் கேட்டதிலை பிழையில்லை" என்றார் கோபி அண்ணை. "நான் தெரியாத மாதிரி நிக்கிறன் பிள்ளை."

"எங்கடை முகம் ரெண்டையும் அழிச்சுப்போடுங்கோ."

"ஓம், அழிக்கிறன்."

பின்னேரம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, சனிக்கிழமை நீர் இவளை ஸ்கூட்டியிலை கோப்பாய்க்குக் கொண்டு போவீரோ? நான் முன்னுக்கே ஓட்டோவிலை போயிடுவன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

சனிக்கிழமை நாங்கள் போய் இறங்கினோம். வாசலிலேயே மீனாம்பிகை ரீச்சர் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, சஞ்ஜிகாவின் தகப்பனுக்குப் பெரியம்மா. எங்கள் ஆட்கள் ஒருவரைப் புதிதாகக் கண்டால் எவடம், ஆற்றை ஆள், அதாவது எந்த ஊர், யாருடைய வீட்டு ஆள் என்று கேட்டு முடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். ரீச்சரும் விடவில்லை.

"சண்டிலிப்பாயோ? அங்கை ஆற்றை பேத்தி?"

"இராசநாயகம்" என்றாள் நிவேதனா.

"புகையிலை இராசநாயகத்தாரோ? எங்கடை அய்யாவுக்குப் புகையிலைக் கன்று கொண்டுவந்து தந்தவர் எல்லே. சொன்ன சொல்லுத் தப்பாத மனிசன். இருக்கிறாரோ?"

"ஓம், இருக்கிறார்."

உள்ளே கோபி அண்ணை ரீவிக்கு முன்னால் முழங்காலில் நின்று வயர் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்த கண்ணை அப்படியே வயருக்குக் கொண்டுபோனார். நிவேதனா அவருக்குப் பக்கத்தால் போய்த் தோழிகளுக்குள் நுழைந்துவிட்டாள்.

ரீவிக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குக் கரைச்சல். ரீவிக்குக் கீழே வைக்கிற சின்னச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வெளிச்சம் உண்டு. ரிமோட் அதைப் பார்த்துத்தான் எங்கே நீட்டுகிறோம் என்று அறிகிறது. கிட்ட வேறு நெருப்பு எரிந்தால் அது குழம்பிவிடும். திரையில் இருக்கிற கை நடுங்கும், துள்ளும்.

"ரீச்சர், இந்த விளக்கை ஒருக்கால் அங்காலை வைக்கலாமோ?"

"ஏத்தின விளக்கைத் தூக்கிறதோ தம்பி? பிள்ளையின்ரை பிறந்தநாள் விளக்கு. நூர்க்கவும் ஏலாது, அசைக்கவும் ஏலாது." பிறகு அவரை உற்றுப் பார்த்து, "நீர் எவடம்?" என்றார்.

"மானிப்பாய்ப் பக்கம்."

"மானிப்பாயிலை ஆற்றை ஆள்?"

"உங்களுக்குத் தெரியாது ரீச்சர்."

"முகவெட்டு வேற இடம் சொல்லுது. சண்டிலிப்பாய் இராசநாயகத்தாரை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு. அவருக்குச் சொந்தமோ?"

நிவேதனா கேட்கிற தூரத்தில்தான் நின்றாள். கோபி அண்ணை சட்டத்தை ஒட்டுகிற ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இல்லை. அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாது."

விளக்கை அசைக்க முடியாததால் அவரே அதற்கு மறைப்பாக நின்றார். முதுகை விளக்குக்குக் கொடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டு விளையாட்டை நடத்தினார். ஐந்து திரியின் சூட்டில் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. பிள்ளைகள் வழக்கம்போலச் சுவரோரம் நின்றார்கள். ஆகவே அங்கே நின்றபடியே கோழி மாதிரிக் கை அடித்தார். பெட்டையள் எல்லாரும் சிரித்தார்கள். நிவேதனாவும் சிரித்தாள், மற்றவர்களுக்குக் கொஞ்சம் பிந்தி.

கார் ஓட்டமும் பாயாட்டமும் நன்றாகப் போயின. பொம்மை முகங்கள் தேவைப்படாத விளையாட்டுகளாகப் பார்த்துத்தான் போட்டார். அவற்றை அவர் அழிக்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அழிக்கவா என்று திரை கேட்கிற இடம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தாராம். பிறகுதான் சொன்னார்.

கேக் வெட்டி முடிய, சஞ்ஜிகாவின் தகப்பன் எழும்பி வந்தார். வங்கி முகாமையாளர். கையில் பாதி கடித்த றோல்ஸ்.

"அண்ணை, எங்களுக்கும் ஒண்டு போடுங்கோ. உந்தப் பந்து உருட்டிறது கிடக்கெல்லே."

"அது கொஞ்சம் பழுது."

"பழுதானதையோ கட்டிக்காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்றார். கதிரைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "போடுங்கோ, உடைஞ்சால் நான் பாக்கிறன்."

கூப்பிட்ட வீட்டுக்காரரிடம் இரண்டாம் முறை மாட்டேன் என்று சொல்ல முடியாது. பந்து உருட்டுகிற விளையாட்டில் முதலில் ஒரு பொம்மையைத் தெரிவு செய்யவேண்டும். அந்தத் திரையைக் கெதியாய்த் தாண்டிவிடலாம் என்று நினைத்து, ரிமோட்டைத் தானே வாங்கி இரண்டடி முன்னுக்கு வந்தார். அந்த அவசரத்தில் விளக்கை மறந்துபோனார்.

முகங்கள் வரிசையாய் வந்தன. திரையில் இருந்த கை நடுங்கத் தொடங்கியது. அவர் ஒரு பக்கம் நீட்ட அது வேறு பக்கம் துள்ளியது. எந்த முகத்தில் கை படுகிறதோ அந்த முகத்தின் பெயர் மேலே எழும்பும். நிவே என்று வந்தது. இரட்டைப் பின்னலும் வட்டக் கண்ணாடியும். கை அடுத்ததுக்குப் பாய்ந்தது, அப்பா என்று வந்தது. திரும்ப நிவே. திரும்ப அப்பா.

"நிவே, உது உன்னைப்போலக் கிடக்கு" என்றாள் சஞ்ஜிகா.

"அது வேற பிள்ளை. முந்தி ஒரு வீட்டிலை செய்து விட்டது" என்றார் கோபி அண்ணை. பித்தானை அமத்தப் போகும்போதெல்லாம் கை வேறு பக்கம் துள்ளியது.

"மற்ற மொட்டை உங்களைப்போலக் கிடக்கு அங்கிள்." சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி வந்தது. அவர் திரையைத் தன் உடம்பால் மறைக்கப் பார்த்தார். பெரிய ரீவி, மறைக்க முடியவில்லை.

நிவேதனா தோழிகளை விட்டு வந்தாள். எல்லாருக்கும் முன்னால் நடந்து போய், விளக்குக்கு முன்னால், முதுகை அதற்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள். திரையில் கை அசையாமல் நின்றது.

"இப்ப அமத்துங்கோ அப்பா" என்றாள்.

தெரிந்து சொன்னாளா, வீட்டில் சொல்லிப் பழகிய வாய் சொன்னதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் அமத்தவில்லை. ரிமோட்டை நீட்டியபடி நின்றார்.

மீனாம்பிகை ரீச்சர் கதிரையிலிருந்து மெல்லக் கேட்டார். "இந்தப் பிள்ளை உம்மடை மகள் எண்டால், நீர் இராசநாயகத்தாரின்ரை மகனெல்லோ?"

"ஓம்."

"நான் கேக்கேக்கை தெரியாது எண்டனீரே தம்பி."

அவர் ரிமோட்டைக் கீழே இறக்கினார். ரீச்சர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் நல்ல மனதோடுதான் நடந்தது. சஞ்ஜிகாவின் தாய் தயாளினி அக்கா, "சொல்லியிருக்கலாமே அண்ணை, எங்கடை பிள்ளையின்ரை சிநேகிதியின்ரை அப்பா" என்று கதிரை கொண்டுவந்து போட்டார். தட்டில் கேக்கும் றோல்ஸும் வந்தன. வயிறு சரியில்லை என்று சொல்ல இந்த முறை அவருக்கு முடியவில்லை. சபை நடுவில் இருந்து, எல்லாரும் பார்க்க, ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். முகாமையாளர் தானே பந்து உருட்டினார். திரையில் ஓரமாக நின்று கைதட்டுகிற பொம்மைக் கூட்டத்தில் அந்த மொட்டையும் இரட்டைப் பின்னலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, யார் உருட்டினாலும் கைதட்டின. நிவேதனா விளக்கடியை விட்டு அசையவில்லை.

திரும்பும்போது அவள் என் ஸ்கூட்டியில் ஏறவில்லை. ஓட்டோவில், சாய்வு அறிகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் பின்னால் போனேன்.

வீட்டுப் படலையைத் திறந்தவர் கோபி அண்ணையின் தகப்பன் இராசநாயகத்தார். வயது போனாலும் சாமான் இறக்க ஒரு கை கொடுக்காமல் இருக்கமாட்டார். மகன் வீடுகளுக்குப் போய்க் கொம்பியூட்டர் திருத்துகிறான் என்றுதான் அவருடைய எண்ணம். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கோப்பாயிலை ஆற்றை வீடு?"

கோபி அண்ணை சொன்னார்.

"மீனாம்பிகை ரீச்சரின்ரை ஆக்களோ? அவவின்ரை அய்யாவை எனக்கு வடிவாய்த் தெரியும். என்ரை மகனெண்டு சொன்னனியே?"

கோபி அண்ணை பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

"சொன்னவர், அப்பப்பா" என்றாள் நிவேதனா. "ரீச்சர் உங்களைக் கேட்டவ. சொன்ன சொல்லுத் தப்பாத மனிசன் எண்டு சொன்னவ."

கிழவர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு பலகையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். கோபி அண்ணை நிமிரவில்லை. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, திரும்பவும் அதே முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.