அண்ணன் கட்டிய புகை அடுப்பு

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. ஜெபத்துக்கும் விருந்துக்கும் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்கள் அனைவருக்கும் தங்கையாகிய என் வணக்கம். இறந்தவரைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். எழுதுகிறேன். ஆனால் கொல்லையில் அவர் கட்டிய அடுப்புதான் அவரைக் கொன்றது என்று நம் குடும்பத்தில் ஒரு வருடமாகப் பேச்சு ஓடுகிறது. இன்று விருந்து முடிந்ததும் அதை இடித்துவிடப் பெரியவர்கள் முடிவு செய்திருப்பதால், சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது மண்ணூரில். அப்பா போனபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். டேங்கைத் தண்ணீரில் அமுக்கி, ஒரு குமிழி வந்தாலும் திருப்பி அனுப்புவது அவர் வேலை. வீட்டிலும் அப்படித்தான். குழாய் சொட்டாது, கூரை ஒழுகாது, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கூடுதலாக வராது. என் கல்யாணத்துக்காக எத்தனை நாள் ஓ.டி. பார்த்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கம்பெனியில் அந்த லைனை மூடிய பிறகு, கொல்லையில் மூன்று அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். கம்பெனி வேலைக்கு வந்த அசாம் பிள்ளைகள் குடிவந்தார்கள். மீனையும் பன்றிக்கறியையும் கம்பியில் தொங்கவிட்டுப் புகைபோட்டுச் சாப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம். அறைக்குள்ளேயே அதைச் செய்ததில் ஒருநாள் ஜன்னல் துணி பற்றிக்கொண்டது. காலி செய்யச் சொல்லிவிடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அண்ணி மட்டும், "துன்றதுக்குப் போயி யாரனா தொரத்துவாங்களா? வெளிய ஒரு எடம் பண்ணிக் குடுங்க" என்றார். மறுநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து தகடு வந்து இறங்கியது.

மீன் தொங்க அண்ணன் ஆளுயரத்துக்கு ஒரு கூண்டு அடித்தார். தீ அதற்குள்ளேயே எரிந்தால் மீன் வெந்துவிடும். அதனால் சற்றுத் தள்ளி, பள்ளமான இடத்தில், தீ மூட்ட ஒரு தனிப்பெட்டி. அங்கிருந்து கூண்டுக்குப் புகை போக மண்ணுக்கடியில் ஒரு குழாய். பெட்டிக்குள் சூடு தாங்கும் கல்லை அடுக்கி, வெளியே தகட்டை வெல்டு வைத்தார். முடித்ததும் குழாய் வழியாகக் காற்றடித்து, வெல்டு வைத்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. என் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை.

அடுப்புக்குக் காற்று வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? வாழ்நாளெல்லாம் ஓட்டையை அடைத்த மனிதருக்கு அது தோன்றவில்லை. முதல் தீ மூட்டிய ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கட்டையைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.

"அணைஞ்சி பூட்ச்சி போலகீது" என்று தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"தகடு இன்னும் கொதிக்குது, தொறக்காதீங்க" என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டார். காற்று பட்டதுதான் தாமதம், உள்ளே தேங்கியிருந்த புகை மொத்தமாகப் பற்றி, நெருப்பு அவர் மேல் பாய்ந்தது. அண்ணி இடுப்பைப் பிடித்து இழுத்ததில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். புருவம் போயிற்று. வலது கை முழங்கை வரை தோல் உரிந்தது. "இன்னாத்துக்கு அழுவுற, கைதான" என்று அண்ணியை அதட்டினார்.

கை, படப்பை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு ஆறியது. ஆறிய கையாலேயே கதவின் அடியில் துளை போட்டு, அதைத் திறந்து மூட ஒரு சின்னத் தகடு வைத்தார். அதைத் தள்ளித் தள்ளித் தீயைப் பழக்கியது அண்ணி. அப்புறம் ஒரு சிராய்ப்புகூட யாருக்கும் அந்த அடுப்பால் வந்ததில்லை.

அண்ணன் போனது அதற்கு வெகுநாள் கழித்து. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அசாம் பிள்ளைகள்தான் ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றினார்கள். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சட்டைப்பையில் வாயுத் தொல்லைக்கு வாங்கிய மாத்திரை அட்டை, பாதி தீர்ந்த நிலையில் இருந்தது. பல நாளாக வலித்திருக்கிறது. நம்மில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று நெருப்பு பாய்ந்ததில்தான் நெஞ்சு கெட்டது என்கிறார்கள் பெரியவர்கள். ஆனால் இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதை என்னோடு நின்று கேட்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அண்ணனைக் கொண்டுபோனது அடுப்பு அல்ல, அவர் வாய் திறக்காததுதான். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், எங்கள் அம்மாவின் தம்பியான பெரிய மாமா கடப்பாரையோடு கொல்லைக்கு வந்தார். "என் அக்கா புள்ளய முழுங்கிட்ச்சி இது. இன்னும் இன்னாத்துக்கு இத வச்சிகினு? நவுரு" என்றார். பின்னால் நாலைந்து பேர்.

அண்ணி நகரவில்லை. குந்தி உட்கார்ந்து, பெட்டிக்குள் சருகையும் கட்டையையும் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோற்றைத்தான் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. "அடிப்பாவி" என்று பெரியம்மா தலையில் கை வைத்தார். மாமா கடப்பாரையை ஓங்கிவிட்டார். அண்ணி காற்றுத் தகட்டை முழுக்கத் திறந்தார். தீ குப்பென்று பிடித்தது.

"எரியற அடுப்ப இடிப்பீங்களா மாமா? இடிங்க."

கடப்பாரை மேலேயே நின்றது. எரிகிற அடுப்பை இடித்தால் குடும்பம் விளங்காது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவரே அவர்தான். கடைசியில் சுவரோரம் கடப்பாரையைச் சாத்தினார். "வருசம் திரும்பட்டும், பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருடம் திரும்பிவிட்டது. ஆட்டோவை மறித்த பிள்ளைகளுக்கும், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கையை ஆற்றிய நர்ஸம்மாவுக்கும், சபைப் போதகருக்கும் எங்கள் நன்றி. பெரிய மாமாவுக்கும் நன்றி. அண்ணனுக்காக அவர் அழுததுபோல் வேறு யாரும் அழவில்லை.

இன்று உங்கள் இலையில் வைக்கும் விரால் மீன் அந்த அடுப்பின் புகையில் பக்குவமானது. மாமா, வயிறாரச் சாப்பிடுங்கள். கடப்பாரை நீங்கள் சாத்திய இடத்திலேயே இருக்கிறது. அண்ணி விடியும்போதே தீ மூட்டியிருப்பார். நீங்கள் கை கழுவிவிட்டு வரும்போதும் அது எரிந்துகொண்டிருக்கும்.