குதிப்பதற்கு ஒரு டியூஷன்

பதினைந்து வயதில் என் மகள் என்னைவிட உயர்ந்துவிட்டாள். பதினேழில் ஆறடி இரண்டங்குலம். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் சனம் அதை ஒரு நோயை விசாரிப்பதுபோல விசாரித்தது. பிறந்தநாள் விழாக்களில் பெண்கள் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு என் மனைவியின் காதுக்குள், “இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்க போறது?” என்பார்கள். பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஆனால் எங்கள் ஆட்கள் எந்தக் கவலையையும் நேரகாலத்தோடேயே பட்டு முடித்துவிடுவார்கள்.

அந்த உயரத்தைக் கண்டு சந்தோஷப்பட்டது ஒரே ஒரு மனுஷி. அவளுடைய பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை, அவுஸ்திரேலியாக்காரி. சனிக்கிழமைகளில் பெண்களுக்கு அவர்கள் நாட்டு ஃபுட்போல் பழக்கினார்; பிள்ளைகளுக்கு அவர்தான் கோச். முட்டை வடிவப் பந்து; கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம்; நான் பார்த்தவரையில் எல்லாரும் எல்லாரையும் தள்ளலாம். நடுவர் பந்தை மேலே எறிய, இரண்டு பக்கத்திலும் ஆக நெட்டையானவர்கள் எம்பி அதைத் தங்கள் ஆட்களிடம் தட்டிவிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் என் மகளை எடுத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் பந்து கீழே வந்த பிறகு மகள் மேலே போனாள். இரண்டாவதில் சொந்த அணிப் பிள்ளையின் மேல் விழுந்தாள். ஒரு வருடம் கழிந்தும் பெரிய மாற்றமில்லை. ஆனாலும் சேறு பூசிய முகத்தோடு சிரித்துக்கொண்டுதான் வெளியே வருவாள். நான்தான் சிரிக்கவில்லை.

“எப்போது சரிவரும்?” என்று கோச்சைக் கேட்டேன். குள்ளமான பிள்ளைகள் பதினெட்டிலேயே தயாராகிவிடுவார்கள் என்றார். நெட்டைப் பிள்ளைகளுக்கு உடம்பு இறுக வேண்டும், தங்கள் கால் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கே பிடிபட வேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகும். இந்த இடத்தில் விளையாட இருபத்தைந்துகூட ஆகலாம், அவசரப்படாதீர்கள் என்றார்.

இருபத்தைந்தா? நாங்கள் பத்து வயதில் கிராமர் ஸ்கூல் நுழைவுச் சோதனை, பதினெட்டில் மெடிசின் என்று பிள்ளைகளை மணிக்கூடு பார்த்து வளர்க்கிற கூட்டம். தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் ‘பதறாத காரியம் சிதறாது’ என்று பிள்ளையை முழங்க வைப்போம். மேடையால் இறங்கியதும் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு ஓடுவோம். பழைய வினாத்தாள் மாதிரி ஏதாவது இருந்தால் தாருங்கள், வீட்டில் செய்விக்கிறேன் என்று கோச்சிடம் சொன்னேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

பிறகு ஒரு கலியாண வீட்டில், தன் மகளைப் பட்மின்டனில் கவுண்டி என்கிற மாவட்ட அணிவரை கொண்டுபோன ஒரு தகப்பன் என் பக்கத்தில் வந்து இருந்தார். “என்ன, உங்கட மகள் இன்னும் எழும்பேல்லையோ?” என்று கேட்டார். எனக்குச் சுட்டது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன்.

அடுத்த கிழமையே டியூஷன் ஒழுங்கு செய்தேன். ஊரில் வொலிபோல் அடித்த ஒரு நண்பர், இங்கே பெட்ரோல் ஸ்டேஷன் நடத்துகிறார். “பிள்ளையை என்னட்ட விடுங்கோ அண்ணை, ஆறு மாசத்தில பறக்க விடுறன்,” என்றார். இருபத்தைந்து வயது எங்கே, ஆறு மாதம் எங்கே. ஞாயிறு காலையிலும், கிழமை நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் பார்க்கில் குதிக்க வைத்தார். ஒரு மரக்கிளையைத் தொடும்வரை குதிக்க வேண்டும். தொட்டால் அதற்கு மேலே உள்ள கிளை.

“கோச் ரெஸ்ட் எடுக்கச் சொன்னவ, அப்பா,” என்றாள் மகள்.

“மற்றவை ரெஸ்ட் எடுக்கேக்க நாங்கள் செய்தால்தான் முன்னுக்கு வரலாம்,” என்றேன். “கோச்சிட்ட சொல்லாதை.” டியூஷனுக்குப் போவதை ஒருவருக்கும் சொல்லாமல் மறைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். சொன்னால் அவர்களும் தங்கள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். அவுஸ்திரேலியாக்காரி யாரை அனுப்பப்போகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

ஆறாவது கிழமை முழங்கால் வீங்கியது. அளவுக்கு மிஞ்சிக் குதித்ததால் தசைநாரில் காயம் என்றார் டொக்டர். அந்தக் கோடை முழுக்க விளையாட ஏலாது. பழையபடி எம்ப ஏலுமா என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்கலாம். மகள் என் முன்னால் அழவில்லை. பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள். அது எனக்குக் கேட்டது. பட்மின்டன்காரருக்குப் பதில் சொல்லப்போய்ப் பிள்ளையின் காலைக் கெடுத்தேன் என்று என் மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களில் தகப்பன்மார் அதற்குப் பழகவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அவள் போகவேண்டும் என்றாள். கரையில் கதிரை போட்டுக் காலை நீட்டி இருத்தினேன். கோச் என்னிடம் வந்தார். டியூஷன் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். போன மாதம்தான், கரையில் நின்று கத்திய ஒரு தகப்பனை இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அவர் அனுப்பியிருந்தார்.

அவரோ என் தோளைத் தட்டினார். கவலைப்படாதீர்கள், அவளுக்கு நிறைய வருடம் இருக்கிறது என்றார். பிறகு, வீட்டு மாடிப்படிக்கு ஒரு நல்ல லைட் போடுங்கள் என்றார். இருட்டில் இறங்கி விழுந்ததாக மகள் சொன்னாளாம். நெட்டைப் பிள்ளைகள் அப்படித்தான் விழுவார்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

எங்களுடையது தரைத்தள ஃபிளாட். வாசலில்கூடப் படி கிடையாது.

மகளைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்காமல் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லண்டனில் இத்தனை வருடம் உழைத்தும் நான் கட்டாத மாடியை, கோச் என்னைத் துரத்திவிடக்கூடாது என்பதற்காக அவள் கட்டியிருந்தாள்.

“எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை,” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தொடங்கினேன்.

“அப்பா, வேண்டாம்,” என்றாள் மகள்.

மிச்சத்தையும் சொன்னேன்.