சுவர் மட்டமா இருக்கு

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே என் அண்ணனுடைய மனை. அண்ணனுக்கு வேறு ஊரில் ஆபீஸ் வேலை. அதனால் வீட்டு வேலையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டிருந்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பகலில் பாதி நேரம் ரோட்டில்தான் இருப்பார். ஆகவே பார்ப்பது நான், போனில் சொல்வது அவர் என்று ஆகிவிட்டது.

முதல் நாள் அந்த மனையில் வந்து நின்ற பெண்ணைச் சித்தாள் என்றுதான் நினைத்தேன். ஒல்லியான உடம்பு, தலையில் சுற்றிய துண்டு, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. ஆனால் தலையில் கல்லோ மண்ணோ இல்லை. மூலையில் முளை அடித்து நூலைக் கட்டினார். பிறகு அதன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலோடு நூலாகப் பார்வையை ஓட்டினார். பின்னால் நின்ற ஆட்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். அவர்தான் காண்டிராக்டர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒத்தக்கண்ணு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒத்தக்கண்ணு அக்கா, கலவை போதுமா?"

"ரெண்டு கண்ணு இருக்கில்ல உனக்கு? நீயே பாரு."

ஒரு கண்ணை மூடினால் அப்படி என்னதான் தெரியும் என்று எனக்கு ஒரே குடைச்சல். யாரும் இல்லாத நேரத்தில் எங்கள் சமையலறைச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அலமாரிக்குப் பக்கத்தில் சுவர் சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் தெரிந்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஒத்தக்கண்ணு அக்கா தண்ணீர் வாங்கிக் குடிக்க வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். குடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"போச்சு தங்கச்சி. இனி யார் வீட்டுக்குப் போனாலும் சுவரத்தான் பார்ப்ப. எனக்கு அப்படித்தான் ஆச்சு. தம்பிக்குப் பொண்ணு பார்க்கப் போன வீட்ல பொண்ணை விட்டுட்டு மூலையப் பார்த்துட்டு வந்தேன். அவன் இன்னிக்கு வரைக்கும் திட்டுறான்."

அவரும் சித்தாளாகத்தான் தொடங்கியிருக்கிறார். ஊரில் எல்லோரும் பெரிய மேஸ்திரி என்று கூப்பிடும் ஒருவரிடம் கல் எடுத்துக் கொடுக்கிற வேலை. கொத்தனார்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில், பாதியில் நிற்கும் சுவரில் ஒரே ஒரு கல்லை வைத்துப் பார்ப்பாராம். ஒரு நாள் பெரிய மேஸ்திரி சாரத்துக்கு அடியில் நின்று, "இந்தக் கல்ல வெச்சது எவன்?" என்று சத்தம் போட்டிருக்கிறார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். இவர் பயந்துகொண்டே கையைத் தூக்க, "அப்ப மத்ததெல்லாம் எவன் வெச்சது? அவனக் கூப்பிடு" என்றாராம் அவர். மறுநாளிலிருந்து இவர் கையில் கொத்தனார் கரண்டி.

இவர் சொந்தமாக எடுத்த முதல் வேலை என் அண்ணன் வீடுதான். உண்மையில் அண்ணன் கேட்டது பெரிய மேஸ்திரியைத்தான். அவர் கையில் ஏகப்பட்ட வேலை; இதோ அதோ என்று இழுத்தடித்தார். அந்த நேரத்தில் இவர் வந்து கேட்க, அண்ணன் அரைமனதாகச் சம்மதித்தார். சுவர் ஜன்னல் உயரம் வரட்டும், சரியில்லையென்றால் ஆளை மாற்றிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்.

"இது கைவிட்டுப் போச்சுன்னா அவ்வளவுதான்," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார் ஒத்தக்கண்ணு அக்கா. "பொம்பளைக்கு வேலை குடுத்தோம், பாதில மாத்திட்டோம்னு ஊரெல்லாம் பேச்சாயிடும். அப்புறம் யாரு கூப்பிடுவா? மறுபடி கல்லு எடுத்துக் குடுக்கணும்."

சுவர் ஜன்னல் உயரம் வந்தது. அன்று மாலை என் வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு நேராக மனைக்குப் போனார்.

"என்னக்கா, வேலை எப்படி இருக்கு? மச்சான் கேட்டாரு."

அக்கா கையைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "இன்னிக்கு ஒருத்தன் வேலைக்கு மட்டம் போட்டுட்டான் தம்பி. ஆனா சுவரு நாலு பக்கமும் சுத்தமா மட்டம்னு சொல்லிடுங்க."

என் வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி சொல்வார். கூட்டமாட்டார், குறைக்கமாட்டார், யோசிக்கவும் மாட்டார். அப்படியே போனில் ஒப்பித்தார்.

அந்தப் பக்கம் அண்ணன் கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. "என்ன மாப்பிள்ளை சொல்றீங்க? மட்டம்னு அந்தம்மாவே ஒத்துக்குதா?"

"ஆமா மச்சான். நாலு பக்கமும் மட்டமாம். ரொம்ப சந்தோஷமா சொன்னாங்க."

"சந்தோஷம் வேறயா!"

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் பெரிய மேஸ்திரி வந்துவிட்டார். அண்ணன் அவரைப் பிடித்து, போய்ப் பாருங்கள், மோசமென்றால் நீங்களே எடுத்துச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மனையில் அத்தனை பேரின் கையும் நின்றது. ஒத்தக்கண்ணு அக்காவின் முகம் சிமெண்ட் நிறத்துக்கு மாறியது. ஆனாலும் எதுவும் கேட்கவில்லை. தன் சட்டைக் கையால் சுவரின் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு, ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.

பெரிய மேஸ்திரி ரசமட்டத்தை வைத்தார். குழாய்க்குள் இருக்கும் குமிழி கொஞ்சம் ஆடி, நடுக்கோட்டில் வந்து நின்றது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் அப்படியே. மூலைக்கு மூலை போனார். கடைசியில் எந்தக் கருவியும் இல்லாமல் உட்கார்ந்து, அவரும் ஒரு கண்ணை மூடினார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வேன் சவாரி முடித்து வந்திருந்த என் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து நீட்டினார்.

"சொல்லுங்க மேஸ்திரி. எப்படி இருக்கு?"

"சார், கீழேர்ந்து மேல வரைக்கும் பார்த்துட்டேன். சுத்த மட்டம்."

"நினைச்சேன்! எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா? எல்லாப் பக்கமும் மட்டம்தான் சார். ஒரு இடம் பாக்கியில்ல."

"அப்ப இடிச்சிடுங்க."

பெரிய மேஸ்திரி போனை வாங்கித் திருப்பி, அது வேலை செய்கிறதா என்பது போல ஒரு தடவை பார்த்தார். இடித்தால் அவருக்குத்தான் வேலை. சரி சார் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அவர் என்ன செய்யப்போகிறார் என்று நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு சார் இடிக்கணும்? மட்டமா இருக்குன்னு சொல்றேனே!"

"மட்டமா இருக்குன்னு சொல்றதாலதான்யா இடிக்கச் சொல்றேன்!"

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே எது பிடிக்கவில்லையென்றாலும் மட்டம்தான். சட்டை மட்டம், படம் மட்டம், நான் போட்ட காப்பி மட்டம். நான் என் வீட்டுக்காரரின் காதருகே போய்ச் சொன்னேன். அவர் வழக்கம்போல அப்படியே உரக்க ஒப்பித்தார்.

"மச்சான், உங்க தங்கச்சி சொல்றா, நீங்க மட்டம்னா மோசம்னு நினைச்சிக்கிட்டிருக்கீங்களாம். இங்க மட்டம்னா சரியா இருக்குன்னு அர்த்தமாம். நீங்க குடிச்ச காப்பி வேறயாம், இது வேறயாம்."

முதலில் சிரித்தது ஒத்தக்கண்ணு அக்காதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் போனை வாங்கினார்.

"சார், ஒரு பக்கம் ஏறாம ஒரு பக்கம் இறங்காம இருந்தா அதுக்குப் பேரு மட்டம். என் சுவரு மட்டம் இல்லைன்னு எவனாவது சொன்னாத்தான் நீங்க கோபப்படணும்."

அண்ணன், "இத முதல்லயே தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே!" என்றார்.

"இது பின்ன என்ன பாஷையாம்?" என்றார் பெரிய மேஸ்திரி, யாரிடம் என்றில்லாமல்.

வீடு முடிகிற வரைக்கும் அந்தம்மாவே பார்க்கட்டும் என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார். ஆட்கள் மறுபடி கல்லைத் தூக்கினார்கள். எனக்கு ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"அவரு வந்தப்போ நீங்க ஏங்கா ஒரு வார்த்தை கூடப் பேசல? சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன்."

"போடணும்னுதான் இருந்துச்சு தங்கச்சி. ஆனா அவரு ரசமட்டத்தைக் கையில எடுத்துட்டாரு. வெச்சுப் பார்க்கிற ஆளுகிட்ட நாம ஏன் பேசணும்? வெறுங்கையோட வந்து பேச ஆரம்பிச்சிருந்தா, நானும் ஆரம்பிச்சிருப்பேன்."

பெரிய மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா அவரை நிறுத்தினார்.

"மேஸ்திரி, மேல்தளம் போடுற அன்னிக்கு கான்கிரீட்ட நடுவுல நிறுத்தக் கூடாது. என்கிட்ட அவ்வளவு ஆள் கிடையாது. உங்க ஆளுங்களோட வர்றீங்களா?"

அவர் புருவத்தைத் தூக்கினார். "யாரு சொல்றபடி வேலை நடக்கும்?"

"நான் சொல்றபடி."

சாரத்தில் நின்றவர்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்கள். பெரிய மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டக் கூடாது."

"தப்புப் பண்ணாதீங்க, நான் ஏன் திட்டப்போறேன்?"

அவர் வாசல் வைக்க விட்டிருந்த இடைவெளி வழியாக இறங்கி ரோடு வரைக்கும் போனார். அங்கே நின்று, திரும்பாமலேயே கேட்டார்.

"காலைல எத்தனை மணிக்கு வரணும்?"